கொடி சுற்றிய மரத்தை நாங்களே அறுக்கலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 63. 12 வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறேன். போன அக்டோபரில் நியூ ஜெர்சியில் பையன் வீட்டில் இருந்தபோது, பின்பக்க மரத்தில் ஏறிக் கிடந்த கொடியை வெறுங்கையால் இழுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் முழங்கை வரை கோடு கோடாகத் தடித்து, நீர்க் கொப்புளம் வந்துவிட்டது. பாய்சன் ஐவி என்றார்கள். 6 நாள் மாத்திரை கொடுத்தார்கள். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக வந்தது. மே மாதம் மறுபடி போகிறேன். அந்த மரம் பட்டுப்போய்விட்டது, இரண்டு பேருமாக அறுத்து எரித்துவிடலாம் என்கிறான் பையன். செய்யலாமா? பேத்திக்கு ஒட்டிக்கொள்ளுமா? இது நம் ஊர்க் காஞ்சொறிதானே? சின்ன வயதில் மாங்காய்ப் பால் பட்டாலே எனக்கு வாயோரம் புண்ணாகும். மாம்பழம் சாப்பிடலாமா?
— வாசகர், நங்கநல்லூர், சென்னை

பதில்: ஐயா, முதலில் எரிக்கிற பேச்சை அடியோடு விடச் சொல்லுங்கள். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். அந்தக் கொடியில் உருஷியால் என்று ஒரு எண்ணெய் இருக்கிறது. எரித்தால் அது அழியாது, புகையோடு சேர்ந்து பறக்கும். அந்தப் புகை மூச்சில் போனால், உங்கள் முழங்கையில் வந்தது மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் வரும். உயிருக்கே ஆபத்து. காய்ந்த கொடி, இலை உதிர்ந்த கொடி, செத்த கொடி எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் இருக்கும்.

காஞ்சொறி வேறு. அது சுணை. குத்திய நொடியே எரியும், நாமும் கையை உதறிக்கொண்டு ஓடுவோம். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பாய்சன் ஐவி தொடும்போது ஒன்றுமே தெரியாது. ஒவ்வாமை உள்ளவருக்கு 12 மணி நேரத்திலிருந்து 3 நாளுக்குள் அரிப்பு கிளம்பும். வாழ்க்கையில் முதல் தடவை பட்டவருக்கு ஒரு வாரத்துக்கு மேல், சில சமயம் மூன்று வாரம்கூட ஆகலாம். உங்களுக்கு இரண்டே நாளில் வந்ததற்கு அந்த மாங்காய்ப் பால் காரணமாக இருந்திருக்கலாம். மா, முந்திரி, சேராங்கொட்டை, பாய்சன் ஐவி எல்லாம் ஒரே குடும்பம். முந்திரிக் கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெயும் இதற்கு உறவுதான். பயிற்சிக் காலத்தில் பண்ருட்டிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாவின் கைகளை நான் மறக்கவில்லை. முந்திரி உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் ஏடு ஏடாக உரிந்திருந்தது. சேராங்கொட்டை மையால் துணிக்குக் குறி போடுவார்களே, இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்தக் குறி உரசிய பிடரியிலும் இடுப்பிலும் இதே கொப்புளம் வந்தது. ஆக, உங்கள் உடம்புக்கு இந்த எண்ணெய் பழைய எதிரி.

அதனால் நீங்கள் அந்த மரத்தின் பக்கம் போகவே வேண்டாம். பையனும் மரத்தைத் தானே அறுக்க வேண்டாம். ரம்பம் ஓடும்போது கொடியின் சாறும் தூளும் முகத்தில் தெறிக்கும். பட்டுப்போன மரத்தின் கிளை எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. ஏணியிலிருந்து விழுந்தவர்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அரிப்பைவிட எனக்கு அதுதான் பயம். இன்சூரன்ஸ் உள்ள மரம் வெட்டும் ஆட்களைக் கூப்பிடட்டும். என்ன கொடி என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டும், கிளைகளை அரைக்கும் இயந்திரத்தில் கொடியைப் போட வேண்டாம் என்றும் சொல்லட்டும்.

கொடியை மட்டும் அடியில் வெட்டிவிடுகிறேன் என்று பையன் சொன்னால், முழுக்கைச் சட்டை, சாக்ஸுக்குள் செருகிய பேன்ட், கண்ணாடி, தடித்த வினைல் கையுறை அவசியம். மெல்லிய லேடெக்ஸ் கையுறைக்குள் இந்த எண்ணெய் ஊடுருவிவிடும். கைரம்பத்தால் கணுக்கால் உயரத்தில் ஒரு வெட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை மட்டும் எடுத்துவிட வேண்டும். மேலே இருப்பதை இழுக்கக் கூடாது, அது தானாகக் காயட்டும். மரத்தைப் பற்றிக்கொண்டு மயிர் மயிராக வேர் விட்ட கயிறு மாதிரி இருப்பதுதான் அந்தக் கொடி.

வேலை முடிந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எண்ணெய் பட்ட 10 நிமிடத்துக்குள் கழுவினால் ஏறக்குறைய பாதி போகும், அரை மணி நேரம் கழித்துக் கழுவினால் பத்தில் ஒரு பங்குதான். பாத்திரம் துலக்கும் சோப்பும் ஓடும் குளிர்ந்த நீரும் போதும், ஆனால் துணியால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். நகக்கண்ணை விடக் கூடாது. ரம்பத்தின் பிடி, செல்போன், கார்க் கதவு, ஷூ லேஸ் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஷூ லேஸை யாரும் நினைப்பதில்லை, அடுத்த வாரம் அதை முடிந்த விரலில் கொப்புளம் வரும்போதுதான் தெரியும். கழுவாமல் விட்டால் மாதக்கணக்கில் அந்த எண்ணெய் வீரியத்தோடு இருக்கும். துணியைத் தனியாக வெந்நீரில் துவைக்கட்டும்.

பேத்திக்குக் கொப்புள நீரால் ஒட்டாது, அதில் எண்ணெய் இல்லை. குளித்த பிறகு குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். கழுவாத கையுறையும் சட்டையும்தான் அவள் கைக்கு எட்டக் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் அதன் ரோமத்திலும் எண்ணெய் ஒட்டி வரும்.

மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்களுக்குக் கொடுத்தது ஸ்டீராய்டாக இருக்க வேண்டும். இந்த ஒவ்வாமை தோலில் இரண்டு, மூன்று வாரம் ஓடும். 6 நாளில் மருந்தை நிறுத்தினால் அமுங்கியது திரும்ப எழும்பும். முகம், பிறப்புறுப்பு அல்லது உடம்பில் பெரும்பகுதி என்று பரவியிருந்தால் இரண்டு, மூன்று வாரத்துக்குப் படிப்படியாகக் குறைத்துத் தருவதுதான் முறை. ஆனால் உங்களுக்குச் சர்க்கரை உண்டே! காலையில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் வெறும் வயிற்றில் அளவு சரியாக இருப்பது போலக் காட்டி, மதியத்துக்கு மேல் எகிறும். அதனால் மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் பிறகு கட்டாயம் பாருங்கள். குளுக்கோமீட்டரை மறக்காமல் எடுத்துப் போங்கள். சின்ன இடத்தில் வந்தால் ஈரத்துணி ஒத்தடம், காலமைன், டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு களிம்பு போதும். இங்கே மருந்துக் கடையில் படைக்கு என்று கேட்டதும் எடுத்துத் தரும் கலப்புக் களிம்புகளைப் பெட்டியில் வைக்காதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ களிம்பு தேடாமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மாம்பழம் சாப்பிடலாம், ஐயா. தொல்லை தோலிலும் காம்புப் பாலிலும்தான். பழத்தை நன்றாகக் கழுவி, காம்புப் பக்கம் தாராளமாக வெட்டி எறிந்து, வேறு யாராவது தோல் சீவித் துண்டு போட்டுத் தரட்டும். தோலோடு கடித்து உறிஞ்சுவது மட்டும் உங்களுக்கு வேண்டாம். அப்படியும் உதடு தடித்தால், இந்த சீசனுக்கு நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்.