கிரப் மக்கர் செய்தால்: கேள்வி பதில்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸா, லினக்ஸா என்று மெனு காட்டி ஏற்றிவிடும் பூட்லோடர்தான் கிரப். உபுண்டு ஒரு லினக்ஸ். கேட்பவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

மண்டபம்: அண்ணே, உபுண்டுவுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பகுதியை) விண்டோஸிலிருந்து அழித்தேன். இப்போது "நோ சச் பார்ட்டிஷன்", கீழே "கிரப் ரெஸ்க்யூ". எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. ஃபார்மட் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் லாஜிக்கல் பார்ட்டிஷன் 5-ஐ அழித்தால், 6 என்பது 5 ஆகிவிடும். கிரப் இன்னும் 6-ஐத் தேடிக்கொண்டு நிற்கிறது. அங்கேயே எல்எஸ் (ls) என்று அடியுங்கள்; இங்கே சொல்லும் கட்டளைகள் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான். (ஹெச்டி0,எம்எஸ்டாஸ்1) என்கிற மாதிரி வரிசையாக வரும். எல்எஸ், ஓர் இடைவெளி, அந்தப் பெயர், கடைசியில் ஒரு சாய்கோடு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" வந்தால் அடுத்தது. பூட், ஹோம், இடிசி ஃபோல்டர்கள் எங்கே தெரிகிறதோ அதுதான் உங்கள் உபுண்டு. அது 5 என்றால் இப்படி அடியுங்கள்:

செட் ரூட்=(ஹெச்டி0,எம்எஸ்டாஸ்5)
செட் ப்ரிஃபிக்ஸ்=(ஹெச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

மெனு வரும். உள்ளே போனதும் டெர்மினலில் சுடோ (நிர்வாகி அனுமதி) போட்டு கிரப்-இன்ஸ்டால் கொடுங்கள். அதோடு தரவேண்டிய பெயர், பார்ட்டிஷனான எஸ்டிஏ5 அல்ல, முழு டிஸ்க்கான எஸ்டிஏ. இதை விட்டால் அடுத்த தடவையும் அதே கருப்புத் திரைதான்.

கீழக்கரை: காக்கா, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸுக்கே போகிறது.

யுஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) செட்டிங்கில் பூட் ஆர்டரைப் பாருங்கள், உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். "எஸ்பேட்" (பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களைத் தடுக்கும் சோதனை) என்று பிழை காட்டினால் அது வேறு. 2024 ஆகஸ்ட் அப்டேட்டில் பலருக்கு வந்தது. அந்தச் சோதனையைச் செய்யும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி உள்ளே போய் லினக்ஸை அப்டேட் செய்யுங்கள்.

தங்கச்சிமடம், ஐஸ் கம்பெனி: கரண்ட் போய் வந்தால் ஆபீஸ் டெஸ்க்டாப்பில் "நோ பூட் டிவைஸ்". ஒவ்வொரு முறையும் கிரப்பைத் திரும்பப் போடுகிறோம்.

தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறதா?

ஆமாம் அண்ணே. 2015 காட்டுகிறது.

அப்போது கிரப் பாவம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் இருக்கும்வரை தெரியாது. போனதும் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பி, பூட் மோடு (யுஇஎஃப்ஐயா, பழைய லெகசி முறையா என்பது) மாறிவிடுகிறது.

பாம்பன்: குறுக்கே வருகிறேன். கிரப்பே பழங்கஞ்சி. அதற்குப் பதில் சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட்லோடர் போடச் சொல்லுங்கள், தொல்லை தீரும்.

தீராது தம்பி. அது யுஇஎஃப்ஐயில் மட்டும்தான் ஓடும். செட்டிங் லெகசிக்குத் திரும்பினால் அதுவும் படுத்துவிடும்.

பாம்பன்: வேகமாவது இருக்குமே?

இரண்டு விநாடி மிச்சம் பிடித்து என்ன, படகா கிளம்பப்போகிறது? ஐஸ் கம்பெனிக்காரரே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள். உப்புக்காற்றில் அதன் உலோகப் பிடியில் பச்சை பூத்திருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பழைய பூட் மோடைத் திரும்ப வையுங்கள். கிரப்பைத் தொடவே வேண்டாம்.

ஏர்வாடி: சார், கிரப் ரெஸ்க்யூ வருகிறது.

மண்டபத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தொண்டி: மெனுவில் விண்டோஸைக் காணோம்.

கிரப் 2.06 முதல் ஓஎஸ்-ப்ரோபர் (மற்ற சிஸ்டங்களைத் தேடி மெனுவில் சேர்க்கும் புரோகிராம்) தானாக ஓடாது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் அதை முடக்கும் வரியின் மதிப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். முன்னால் # இருந்தால் எடுங்கள். பிறகு அப்டேட்-கிரப்.

ராமேஸ்வரம்: லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லை...

கடைக்குப் போங்கள்.

சாயல்குடி: எனக்கும் ரெஸ்க்யூதான். கடைக்காரர் ஃபார்மட் பண்ணச் சொல்கிறார்.

மேலே இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன். ஃபார்மட் வேண்டாம். எல்எஸ் அடித்து என்ன வருகிறது என்று எழுதுங்கள். எல்லாமே "அன்நோன்" என்றால் லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டு ஓடும் பென்டிரைவ்) ஏறி, முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்.