பயிற்சிக்குக் கைப்பேசியின் துணை

கேள்வி: மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் கற்ற உடற்பயிற்சிகளை வீட்டில் தொடர முடியவில்லை. கைப்பேசிச் செயலி உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும், சகோதரி. கவனித்துக் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போவதே பலரும் தளர்ந்துவிடக் காரணம். அடிகளை எண்ணி, நேரம் வந்ததும் நினைவூட்டும் செயலி அக்குறையை ஓரளவு தீர்க்கும். அதில் 10,000 அடி என்று இலக்கு இருந்தால் மாற்றி, இப்போது நடப்பதைவிடச் சற்றே கூட்டி வையுங்கள். 2019இல் பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட பரிந்துரையின்படி, வாரம் 3 முறை 30 நிமிடம் மிதமான வேகத்தில் நடப்பதே சோர்வையும் மனக்கலக்கத்தையும் குறைக்கப் போதுமானது. கை வீங்கும் என்று அஞ்சிப் பளுப்பயிற்சியை அடியோடு விட்டுவிடாதீர்கள். மேற்பார்வையுடன் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது பாதுகாப்பானதே. ஆனால் கை கனப்பதையும் தோள் இறுகுவதையும் அடிகளை எண்ணும் செயலி அறியாது என்பதால், அவ்வப்போது காணொளி அழைப்பிலேனும் இயன்முறை மருத்துவரிடம் பேசுங்கள். வீக்கமோ சிவப்போ காய்ச்சலோ கண்டால் தாமதமின்றி நேரில் செல்லுங்கள்.