பி.எட் படிக்கிற சயின்ஸ் ஸ்டூடண்டுக்கு டிசைன் திங்கிங் எதுக்கு?

டிசைன் திங்கிங்னா, யாருக்காக செய்யறோமோ அவங்கள முதல்ல புரிஞ்சுக்கிட்டு, செஞ்சு பாத்து மாத்தி மாத்தி தீர்வு தேடற முறை. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டியோட டிசைன் ஸ்கூலான டி.ஸ்கூல் இதுக்கு 5 ஸ்டெப் சொல்லுது, ஆளப் புரிஞ்சுக்கறது, பிரச்சனைய சரியா பிடிக்கறது, ஐடியா, சின்னதா ஒரு மாடல் செய்யறது, டெஸ்ட். நாம முதல் ஸ்டெப்ப தாண்டி நேரா லெசன் பிளான் நோட்டுக்கு பார்டர் போட உக்காந்துடுவோம் :)

சீரிஸ் சர்க்யூட்டயே (பல்புங்க ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா ஒரே லைன்ல இருக்கறது) எடுங்க. பாடத்துக்கு முன்னாடி நாலு பசங்ககிட்ட சும்மா பேசிப் பாருங்க, முதல் பல்பு கரண்ட்ட தின்னுட்டு மிச்சத்தத்தான் அடுத்ததுக்கு விடுதுனு நிறைய பேர் நம்புறாங்க, அப்போ பிரச்சனை ஃபார்முலால இல்ல, இந்த நம்பிக்கைலதான். ஒரு அட்டைல ரெண்டு டார்ச் பல்பு, ரெண்டு செல், முதல் பல்புக்கு முன்னாடி கரண்ட்ட அளக்கற ஒரு அம்மீட்டர், பின்னாடி ஒண்ணு, ரீடிங் என்ன வரும்னு பசங்கள எழுத சொல்லிட்டு அப்புறம் சுவிட்ச போடுங்க. ரெண்டுலயும் ஒரே நம்பர்! முதல் தடவ சொதப்பலாம், மாத்திட்டு அடுத்த செக்ஷன்ல திரும்ப செய்ங்க.