விழாமல் இருக்க தாய் சி: வாசகர் கேள்விகள்

எனக்கு வயது 71. போன மாதம் குளியலறையில் கால் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தேன். அதிலிருந்து நடக்கவே பயம். மகள் 'தாய் சி' என்ற சீன உடற்பயிற்சியைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறாள். இவ்வளவு மெதுவாகக் கையை ஆட்டினால் விழாமல் இருக்க முடியுமா?

கையை ஆட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. தாய் சியில் வேலை நடப்பது காலில். கனடாவில் இரண்டு முதியோர் இல்லங்களில், 227 முறை ஆட்கள் விழுந்ததைக் கேமராப் பதிவில் பார்த்து ஆராய்ந்தார்கள், 2013-ல் வெளியானது. தடுக்கி விழுந்தவை 21 சதவீதம்தான். 41 சதவீதம், உடம்பின் எடையைச் சரியாக மாற்றத் தெரியாமல் விழுந்தவை. திரும்பும்போது, எட்டி எதையாவது எடுக்கும்போது எடை ஒரு பக்கம் போய்விடுகிறது, கால் பின்னாலேயே நின்றுவிடுகிறது.

தாய் சி பழக்குவது இந்த இடத்தைத்தான். ஒரு கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். முழங்காலைத் துளி மடக்கி, எடை முழுவதையும் வலது காலுக்குக் கொண்டுபோங்கள். நான்கைந்து விநாடி ஆகட்டும். இடது கால் காலிக் குடம்போல லேசானதும் அதைத் தூக்கி, முன்னால் குதிகாலை மட்டும் வையுங்கள். எடை இன்னும் வலது காலில்தான். இப்போது இடது காலை அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறதா? முடிந்தால் சரியாக நிற்கிறீர்கள். 'தொப்'பென்று முன்னால் சாய்ந்தால், அவசரப்பட்டுவிட்டீர்கள். அப்புறம்தான் பாதம் முழுக்கப் படிந்து, எடை கொஞ்சம் கொஞ்சமாக முன்னே போக வேண்டும்.

பயமும் இதில்தான் குறையும். பயந்தவர் உடம்பை விறைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, பாதத்தைத் தேய்த்து நடக்கிறார். அதுவே விழ வைக்கும். ஆனால் தாய் சி ஈரத் தரையைக் காயவைக்காது. குளியலறையில் முதலில் கைப்பிடி போடுங்கள்.

உண்மையிலேயே ஆராய்ச்சி உண்டா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், விழும் ஆபத்துள்ள, 70 வயதைத் தாண்டிய 670 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம், 24 வாரம். உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய் சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. இது 2018-ல் வந்தது. மறு வருடம், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு 19 சதவீதம்தான் குறையும் என்றது. நான் சின்ன எண்ணையே நம்பச் சொல்வேன். அதே தொகுப்பில், சமநிலைப் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம், சுமார் 34 சதவீதம். அதனால் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் தேய்மானம். தாழ்ந்து நிற்கச் சொல்கிறார் மாஸ்டர்.

தாழ வேண்டாம். வீடியோக்களில் தெரியும் அந்தத் தாழ்ந்த நிலை இளைஞர்களுக்கு. நீங்கள் உயரமாகவே நின்று செய்யலாம், பலன் கெடாது. முழங்கால் எப்போதும் பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே மடங்கட்டும். திரும்பும்போது பாதத்தை ஊன்றிவிட்டு முழங்காலை முறுக்குவதுதான் பெரிய தவறு. முதலில் எடையை எடுத்துவிட்டு, குதிகாலில் பாதத்தைத் திருப்புங்கள். மறுநாளும் வலி இருந்தால் அளவைக் குறையுங்கள். மற்றபடி தேய்மானம் தடையில்லை: 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தாய் சி, பிசியோதெரபிக்கு இணையாகவே பலன் தந்தது.

தாய் சியின் 24 அசைவுகளும் மனதில் நிற்கவில்லை. விட்டுவிடலாமா?

எதற்கு? அந்த 24-ஏ 1956-ல் சீனாவில் பொதுமக்களுக்காகச் சுருக்கியதுதான். மேலே சொன்ன ஓரிகன் பயிற்சியில் இருப்பது எட்டு. வரிசை மறந்தால் மறக்கட்டும். மூன்று அசைவை ஒழுங்காகச் செய்தாலும் போதும்.

எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது. ஆரம்பிக்கலாமா?

முதலில் டாக்டரிடம் போங்கள். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள். நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அதுவரை உட்கார்ந்தபடி செய்யுங்கள்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய்.

ஆரம்ப, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு உதவும். 195 பேரிடம் செய்து 2012-ல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் செய்யட்டும். கை எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

வெறுங்காலா, ஷூவா?

தட்டையான, மெல்லிய அடியுள்ள, வழுக்காத ஷூ நல்லது. பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருந்தால் வெறுங்காலும் சரி. சர்க்கரை நோயால் மரத்துப்போயிருந்தால் வெறுங்கால் கூடாது; காயம் பட்டாலும் தெரியாது. வழவழ தரையில் வெறும் சாக்ஸோடு மட்டும் நிற்காதீர்கள்.