வாகனம்: வாசகர் கேள்வி – பதில்
ஸ்லோவில் ஓடாமல் நின்றுவிடும் பழைய பிக்கப்

கேள்வி: என்னிடம் உள்ள டட்சன் 1200 பிக்கப்பில் மரக்கறியும் நெல் மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலம் வழியாக மட்டக்களப்புக்குப் போய்வருகிறேன். சென்ற மாரி முடிந்ததிலிருந்து ஒரு தொல்லை. காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் நன்றாக இயங்குகிறது. சூடேறிச் சோக்கைத் தள்ளிய பின்னர், அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் ஸ்லோவில் ஓடாமல் நின்றுவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் நிற்பதில்லை. ஓட்டத்தில் குறை எதுவும் இல்லை. கராஜ் ஒன்றில் ஸ்லோ ஸ்குரூவைக் கூட்டிவிட்டார்கள். இப்போது என்ஜின் இரைந்துகொண்டே இருக்கிறது. திறப்பை மூடிய பின்னரும் சிறிது நேரம் குலுங்கிக் குலுங்கி ஓடித்தான் நிற்கிறது. காபரேற்றரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பழுது எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கடிதமே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. பாரம் ஏற்றிய நிலையிலும் வாகனம் தயங்காமல் ஓடுகிறது என்றால் பெற்றோல் பம்ப், மெயின் ஜெட், பற்றவைப்பு ஆகியவற்றில் பெருங்குறை இல்லை. சோக்கைப் பாதி இழுத்தால் நிற்காமல் இயங்குகிறது என்றால், ஸ்லோவில் இருக்கும்போது என்ஜினுக்குக் காற்று கூடுதலாகவோ பெற்றோல் குறைவாகவோ போகிறது என்று பொருள். சோக் காற்றைக் குறைத்து அந்தக் குறையை ஈடுசெய்கிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியவை இரண்டுதான்: காபரேற்றருக்குள் ஸ்லோவுக்கான பெற்றோல் வரும் ஸ்லோ வழி அடைபட்டிருப்பது, அல்லது காபரேற்றருக்குக் கீழே காற்று புகும் இடம்.

முதலில் அந்த ஸ்லோ ஸ்குரூவைப் பழைய நிலைக்குக் குறையுங்கள். அதைக் கூட்டும்போது காபரேற்றரின் தட்டு சற்றுத் திறந்து, ஸ்லோ துளையை விட்டு அதற்கு மேலுள்ள துளைகள் வழியாக என்ஜின் பெற்றோலை இழுக்கத் தொடங்குகிறது. பழுது அப்படியே இருக்க, அதன் அடையாளம் மட்டும் மறைந்துவிடுகிறது. திறப்பை மூடிய பின்னரும் என்ஜின் ஓடுவதற்கும், தட்டு திறந்தே இருப்பதால் காற்றும் பெற்றோலும் தொடர்ந்து உள்ளே போவதே பெரும்பாலும் காரணம். தட்டு திறந்திருக்கும் நிலையில், ஸ்லோவில் பெற்றோலின் அளவைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குரூவை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. காபரேற்றர் கெட்டுவிட்டது என்ற முடிவுக்குப் பலர் வருவது இந்த இடத்தில்தான்.

சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அருகில் யாரும் புகைபிடிக்க வேண்டாம்.

உங்கள் காபரேற்றரின் பக்கவாட்டில் ஒற்றை வயர் செல்லும் சிறிய உருளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது ஸ்லோ வழியைத் திறந்து மூடும் சொலினொயிட். என்ஜினை இயக்காமல் திறப்பை மட்டும் ‘ஒன்’ நிலைக்குத் திருப்பி, அந்த வயரைக் கழற்றி மீண்டும் அதே இடத்தில் தொடச் செய்யுங்கள். ‘டிக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயரில் மின்சாரம் வருகிறதா என்பதைச் சோதனை விளக்கால் பாருங்கள். மாரி ஈரமும் வாவிக்கரை உப்புக்காற்றும் சேர்ந்து வயர் முனையில் பச்சை பிடிக்கச் செய்வது நம் பகுதியில் சாதாரணமாக நடப்பது. அதைச் சுரண்டித் துடைத்ததும் என்ஜின் ஸ்லோவில் ஒழுங்காக ஓடினால் உங்கள் செலவு அவ்வளவுதான்.

சொலினொயிட் நன்றாக இருந்தால் அடுத்தது ஸ்லோ ஜெட். இந்தப் பித்தளைத் துண்டின் துளை அரை மில்லிமீற்றரைவிடச் சிறியது. தாங்கியிலிருந்து வரும் துருத்தூளின் ஒரு துணுக்கு அதை அடைத்துவிடப் போதும். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் உள்ளே கறை படிந்திருக்கிறது. ஊசியையோ கம்பியையோ தயவுசெய்து நுழைக்க வேண்டாம். பித்தளை மென்மையானது, ஒருமுறை துளை பெருத்துவிட்டால் பிறகு எந்த ஸ்குரூவாலும் அதைச் சரிசெய்ய முடியாது. காபரேற்றர் கிளீனரில் ஊறவைத்து அமுக்கக் காற்றால் ஊதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய தங்கூசி (தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் நூல்) ஒன்றை விட்டு எடுக்கலாம். ஜெட் பொருந்தியிருந்த வழிக்குள்ளும் காற்றை ஊதுங்கள். பெற்றோல் பில்டரை மாற்றி, தாங்கியின் அடியில் தேங்கியிருக்கும் நீரையும் கசடையும் வடித்துவிடாமல் இந்த வேலை நிலைக்காது.

ஜெட் சுத்தமாக இருந்தும் குறை தீரவில்லையென்றால், என்ஜினைச் சூடாக்கி, அதை ஒருவாறு ஸ்லோவில் ஓடவிட்டு, தெளிப்பான் போத்தலில் நீரெடுத்துக் காபரேற்றரின் அடிப்பகுதியிலும் மனிபோல்ட் (காபரேற்றரிலிருந்து என்ஜினுக்குக் கலவை போகும் குழாய்) கேஸ்கட் ஓரங்களிலும் மெல்லத் தெளியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் நீர் போக வேண்டாம். ஓரிடத்தில் தெளிக்கும்போது என்ஜின் ஒலி மாறினால் காற்று புகும் இடம் அதுதான். சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிப்பார்கள். சூடான எக்சோஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பற்றும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பின்னர் இறப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்துப் பாருங்கள்: டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் குழாய், என்ஜின் புகையை மனிபோல்டுக்குக் கொண்டுவரும் பிசிவி குழாய். ஒன்றைப் பிடித்ததும் என்ஜின் நிதானப்பட்டால் குறை அந்த வழியில்தான் இருக்கிறது. காபரேற்றரின் இரண்டாவது பரலின் (காற்றுக் குழலின்) தட்டு முழுமையாக மூடுகிறதா என்பதையும் பாருங்கள். அது மயிரிழை திறந்திருந்தாலும் விளைவு ஒன்றே.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே மற்றவற்றுக்குப் போக வேண்டும். உங்கள் வாகனத்தில் உள்ளது 1171 சிசி ஏ12 என்ஜின் என்றால், சூடான நிலையில் வால்வு இடைவெளி 0.35 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ற் இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ. வரை, பிளக் இடைவெளி 0.8 முதல் 0.9 மி.மீ. வரை இருக்க வேண்டும். வால்வு இறுகியிருந்தால் ஓட்டத்தில் அது தெரியாது, ஸ்லோவில்தான் தடுமாறும்.

ஸ்குரூக்களின் முறை கடைசியில்தான் வருகிறது. மிக்சர் ஸ்குரூவை மெதுவாக, அழுத்தாமல், முட்டும்வரை உள்ளே திருப்பி, ஏறத்தாழ இரண்டு சுற்று வெளியே எடுங்கள். சூடான என்ஜின் எந்த இடத்தில் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அதன் பின் ஸ்லோ ஸ்குரூவால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 சுற்றுக்குக் குறையுங்கள். மிக்சரை அளவுக்கு மேல் கூட்டி என்ஜினை ஸ்லோவில் ஓட வைத்தால், வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட் கூடி வாகனம் தவறிவிடும்.

கேள்வி: என்னுடைய பழைய ஹைலக்ஸ் டீசல் பிக்கப்பும் காலையில் ஸ்லோவில் ஏறி இறங்கி, சில வேளை நின்றுவிடுகிறது. அதற்கும் இதே வழிதானா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இல்லை. டீசலில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, இரவில் நிறுத்தி வைத்திருக்கும்போது எரிபொருள் குழாய்க்குள் புகும் காற்று. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்குங்கள். அதன் பின் என்ஜின் ஸ்லோவில் ஒழுங்காக ஓடினால் காற்றுத்தான் காரணம். பில்டருக்கும் இன்ஜெக்டர் பம்புக்கும் இடையில் டீசலுக்கு ஏற்ற ஒளிபுகும் குழாய்த் துண்டொன்றைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். தாங்கியிலிருந்து வரும் இறப்பர் குழாய்களின் வெடிப்பையும் கிளிப்புகளையும் பாருங்கள். பில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடியுங்கள். இன்ஜெக்டர் பம்பின் ஸ்குரூக்களை மட்டும் இந்த வேலைகள் முடியும்வரை எவரையும் தொட விடாதீர்கள்.