முதலில் சாமானுக்கு இடம், அப்புறம் சுவருக்கு நிறம்: கேள்விகளும் பதில்களும்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் சின்ன, நடுத்தர வீடுகளுக்கு உள்வேலை செய்து தருகிறேன். என்ன நிறம் அடிக்கலாம் என்று யார் கேட்டாலும், அந்த வீட்டில் சாமான் எல்லாம் எங்கே இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். சோபா மேல் மடிக்காத துணியும் டீவிக்குக் கீழே மருந்துச் சீட்டும் கிடக்கும் ஹாலில் எந்த ஷேடு அடித்தாலும் அது கண்ணில் படாது. அதனால் நிறம் பற்றிய கேள்விக்கும் சில சமயம் அலமாரியைப் பற்றித்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (ஆவடி): மேடம், எங்கள் ஹாலில் ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்து. இருட்டாக இருக்கிறது. வெள்ளை அடித்தால் வெளிச்சமாகும் என்கிறார்கள். ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகள், சுவர் ஒரு மாதம் தாங்காதே?

பதில்: வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை உண்டாக்காது, வருகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வெளிச்சமே குறைவாக வரும் அறையில் சுத்த வெள்ளை அழுக்குச் சாம்பல் மாதிரித் தெரியும். உங்கள் ஹாலுக்கு மஞ்சள் சாயல் கலந்த வெளிர் நிறம் எடுங்கள். தந்தம், இளஞ்சந்தனம், வெண்ணெய் நிறம் இவற்றில் ஏதாவது ஒன்று. பெயின்ட் நிறுவனங்கள் பல ஷேடுகளுக்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் எண் அது. இருட்டு ஹாலுக்கு 70-க்கு மேல் இருக்கிற ஷேடாகக் கேட்டு வாங்குங்கள். சீலிங் மட்டும் சுத்த வெள்ளையாக இருக்கட்டும்.

பிள்ளைகளின் கைக்கு நம் பழைய பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தரையிலிருந்து நான்கடி வரை அழுத்தமான நிறம், அதற்கு மேல் வெளிர் நிறம். கை, கிரேயான், சைக்கிள் ஹேண்டில் எல்லாம் படுவது அந்த நான்கடிக்குள்தான். கீழ்ப்பகுதிக்குக் களிமண் நிறமோ மங்கலான பச்சையோ எடுத்து, கழுவக்கூடிய, லேசாக மினுங்கும் சாட்டின் எமல்ஷனில் அடியுங்கள். மேல்பகுதிக்குச் சாதாரண, பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் போதும். கீழே மட்டும் அழுக்கானால் கீழே மட்டும் திரும்ப அடித்துக்கொள்ளலாம். இரண்டும் சேரும் கோடு நேராக வரவேண்டும். பெயின்டரிடம் நூல் பிடித்து, டேப் ஒட்டித்தான் அடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மதுரை): ஷேடு கார்டில் அழகாக இருந்த பச்சை, சுவரில் அடித்ததும் கண்ணைக் குத்துகிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. நான்கு சுவரிலும் ஒரே நிறம் இருந்தால் ஒவ்வொரு சுவரும் எதிர்ச்சுவரின் மேல் தன் நிறத்தை வீசும், அதனால் நிறம் கூடித் தெரியும். கார்டில் பிடித்த ஷேடைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது நல்லது. இன்னொரு காரணம் விளக்கு. விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். நம் வீடுகளில் மாட்டும் ட்யூப் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலச் சாயல் அடிக்கும் வெள்ளை. கடையில் வேறு விளக்கு. அடுத்த முறை சின்னச் சாம்பிள் டப்பா வாங்கி ஒரு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடியுங்கள். அதைச் சுவர் சுவராக மாற்றி ஒட்டிக் காலையில், மதியத்தில், ட்யூப் போட்ட பிறகு என்று பாருங்கள். ஹாலுக்கு 4000 கெல்வின், அதாவது அதிக நீலமோ அதிக மஞ்சளோ இல்லாத வெள்ளை விளக்கு மாட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேள்வி (கோவை): அக்கா, வாடகை வீடு. பெயின்ட் அடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. என்னதான் செய்வது?

பதில்: தம்பி, சுவரை விட்டுவிடுங்கள், துணியில் நிறத்தைக் கொண்டுவாருங்கள். ஜன்னல் திரை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு மூன்றும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் போதும், வீடு திட்டமிட்டதாகத் தெரியும். உங்கள் பக்கத்திலேயே சென்னிமலை விரிப்பும் பவானி ஜமக்காளமும் இருக்கின்றன. ஜமக்காளத்தின் பட்டைகளில் ஒரு நிறத்தைப் பிடித்து, அதையே திரைக்கும் எடுங்கள். கதவுக்கு மேல் மாட்டும் ஹூக், இரண்டு சுவருக்கு நடுவே இறுக்கி நிறுத்தும் கம்பி, காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகக்கூடிய இரும்பு ரேக் இவற்றுக்கு ஆணியே வேண்டாம். ரேக்கில் வைக்கும் கூடைகள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும்.

கேள்வி (தாம்பரம்): மூன்று பிள்ளைகள். பொம்மை, ஸ்கூல் பை, ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஹால் முழுக்க. எடுத்து வைக்கச் சொல்லிச் சொல்லிக் கத்தியே ஓய்ந்துபோனேன், மேடம்.

பதில்: ஒரு வாரம் கத்தாமல் பாருங்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பை எப்போதும் வாசலுக்கு உள்ளே வலது பக்கம் விழுகிறதா? அங்கேயே ஹூக் வையுங்கள். பிள்ளை நடந்து போய் உள் அறை அலமாரியைத் திறந்து வைக்கும் என்று நினைத்து நாம் வீட்டை அமைக்கிறோம். அது நடக்காது, பெரியவர்களுக்கே நடக்காது.

ஹூக்கின் உயரம் முக்கியம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தரையிலிருந்து மூன்றடி. நம் உயரத்துக்கு மாட்டிவிட்டு, ஏன் மாட்டவில்லை என்று கேட்பது நியாயம் இல்லை. பொம்மைக்கு மூடி இல்லாத, ஆழம் குறைந்த பெட்டிகள் நல்லது. மூடி இருந்தால் மூடிமேல்தான் சாமான் ஏறும். ஆழமான பெட்டி என்றால் அடியில் கிடக்கும் ஒரு காருக்காக மொத்தத்தையும் தரையில் கொட்டுவார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் பெட்டியில் படம் ஒட்டுங்கள்.

நிறம் உண்மையாகவே வேலை செய்யும் இடம் இதுதான். ஆளுக்கு ஒரு நிறம் கொடுங்கள், பொருளுக்கு அல்ல. மூத்தவளுக்கு மஞ்சள், நடுவிலவனுக்கு நீலம், கடைக்குட்டிக்கு ஆரஞ்சு என்று வைத்துக்கொண்டால் ஹூக், துண்டு, பாட்டில், டூத் பிரஷ், பெட்டி எல்லாம் அந்தந்த நிறத்திலேயே வரட்டும். இது யாருடையது என்ற சண்டை பெருமளவு குறையும். கீழே கிடப்பது யாருடையது என்று அவர்களுக்கே தெரியும். ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அதனால் அந்த இரண்டையும் ஒரே வீட்டில் ஆளுக்கொன்றாகக் கொடுக்காதீர்கள். சுவர் அமைதியான ஒரே நிறமாக இருந்தால்தான் இந்த நிறங்கள் எடுபடும்.

ஒன்றை மறக்காதீர்கள்: உயரமான புத்தக ரேக், டிராயர் வைத்த அலமாரி எதுவானாலும் எல் கிளாம்ப் (எல் எழுத்து வடிவ இரும்புப் பட்டை) போட்டுச் சுவரோடு திருகிவிடுங்கள். பிள்ளைகள் டிராயரைப் படியாக்கி ஏறுவார்கள், அலமாரி அப்படியே அவர்கள் மேல் சாயும்.

கேள்வி (திருச்சி): மாமியாருக்கு 74 வயது. பாத்ரூம் படியில் இரண்டு முறை இடறிவிட்டார். புதிதாக டைல்ஸ் போட்டோம், தரையும் படியும் சுவரும் ஒரே வெள்ளை.

பதில்: அந்த ஒரே வெள்ளைதான் காரணம். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பாயும். வெளிர் நிறங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்ப்பது கடினமாகும், குறிப்பாக நீலம், பச்சை, ஊதாப் பக்கம். வெள்ளைத் தரையில் வெள்ளைப் படி அவருக்குத் தெரியவே தெரியாது. படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு வழுக்காத அழுத்தமான சிவப்புப் பட்டை இன்றைக்கே ஒட்டுங்கள். பிடித்துக்கொள்ளும் கம்பி, வாளி, மக் எல்லாம் சுவரோடு ஒட்டாத அழுத்தமான நிறத்தில் இருக்கட்டும். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி ஒரு நிறப் பட்டை அடித்தால் ராத்திரியில் சுவரைத் தடவ வேண்டியதில்லை. பாத்ரூம் வாசலில் கறுப்பு மிதியடி போடாதீர்கள். வெள்ளைத் தரையில் அது பள்ளம் மாதிரித் தெரியும், தாண்டப் பார்த்து விழுவார்கள். வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் வைத்தால்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது, நிறமுள்ள தட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (வேலூர்): எங்கள் சமையலறையில் கடப்பா கல் செல்ஃப். எப்போதும் இருட்டு, எதை எங்கே வைத்தோம் என்றே தெரியாது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு மாடுலர் போடலாமா?

பதில்: இடிக்க வேண்டாம். கடப்பா கல் கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது, பிளைவுட்டைவிடப் பல வருடம் கூட உழைக்கும். கறுப்பு நிறம் வெளிச்சத்தை விழுங்குவதுதான் குறை. செல்ஃபின் பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் வெள்ளை சாட்டின் அடியுங்கள், ஒவ்வொரு தட்டின் மேலும் வெளிர் நிற ஷீட் விரியுங்கள், மேல் தட்டுக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டுங்கள். கரப்பான் முட்டையும் சிந்தின எண்ணெயும்கூட உடனே கண்ணில் படும். இதே காரணத்துக்காக, புதிதாகக் கப்போர்டு செய்பவர்களும் உள்பக்கம் வெள்ளை லேமினேட்டே கேளுங்கள்.

அடுக்கும்போது வகை பார்த்து அடுக்காமல் வேலை பார்த்து அடுக்குங்கள். காபித்தூள், சர்க்கரை, டம்ளர், வடிகட்டி ஒரே இடத்தில். தாளிக்கிற சாமான் அஞ்சறைப் பெட்டியில் அடுப்புப் பக்கம். தினமும் எடுப்பது முழங்காலுக்கும் கண்ணுக்கும் நடுவில், மாதம் ஒரு முறை எடுப்பது மேலே, கிரைண்டர் மாதிரிக் கனமானது கீழே. லாஃப்டில் இருப்பது என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கப்போர்டு கதவின் உள்ளே ஒட்டிவிட்டால் தீபாவளிக்குப் பெரிய வாணலியைத் தேடி ஏணி போட வேண்டாம். எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பெயரை மூடியில் மட்டும் எழுதினால் போதாது, முன்பக்கமும் ஒட்டுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிகிறது. மேலே டார்க் கலர் அடித்து மறைத்துவிடலாமா?

பதில்: மறையாது, டார்க் கலரில் வெள்ளை உப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை முதலில் நிறுத்துங்கள். கெட்டுப்போன பூச்சைச் சுரண்டி, திரும்பப் பூசி, குறைந்தது 28 நாள் காயவிட்டு, அப்புறம் பிரைமர். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரை ஒட்டிப் பீரோ போடாதீர்கள், காற்றுப் போக இடம் விடுங்கள்.

கேள்வி (சேலம்): மாமனார் வாஸ்துப்படி பச்சைதான் என்கிறார், எனக்குப் பச்சை பிடிக்காது.

பதில்: பச்சை என்பது ஒரே நிறம் அல்ல. சாம்பல் கலந்த இளம்பச்சையை ஒரே ஒரு சுவரில் அடித்து மற்றவற்றை வெள்ளையாக விட்டால் அவர் சொன்னதும் ஆயிற்று, உங்கள் கண்ணுக்கும் இதம். ஷேடு கார்டை அவர் கையில் கொடுத்து, நீங்கள் குறித்துவைத்த மூன்றில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (காரைக்குடி): தாத்தா வீட்டைச் சரிசெய்து குடியேறப் போகிறோம். முன்கட்டில் ஆத்தங்குடி டைல்ஸ், பின்கட்டில் சிவப்புக் காவித் தரை. ஜன்னல்களில் பல அடுக்குப் பழைய பெயின்ட். எனக்கு இப்போது ஐந்தாவது மாதம்.

பதில்: நிறத்துக்கு முன்னால் உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஜன்னல்களை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூசி வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், மெஷின் கூடாது, வேலையை முடித்து ஈரத்துணியால் துடைத்து எடுக்கும்வரை நீங்களும் சின்னப் பிள்ளைகளும் அந்த வீட்டுப் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் டாக்டரிடமும் சொல்லிவையுங்கள்.

தரையைப் பொறுத்தவரை உங்களுக்குப் பெரிய சொத்து கிடைத்திருக்கிறது. ஆத்தங்குடி டைலில் ஏற்கெனவே மூன்று நான்கு நிறம் இருக்கும், சுவரில் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். சிவப்புத் தரை வெயில் பட்டதும் சுவரில் இளஞ்சிவப்பு வீசும், அதனால் மஞ்சள் சாயல் இல்லாத வெள்ளை எடுங்கள். சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சுண்ணாம்பே அடியுங்கள், அந்தச் சுவர் மூச்சு விட வேண்டும். ஜன்னலுக்கும் கதவுக்கும் டைலில் இருக்கும் பச்சையையே எடுக்கலாம்.

கேள்வி (பல்லாவரம்): கையில் கொஞ்சம்தான் பணம். எதில் ஆரம்பிப்பது?

பதில்: வேண்டாததை வெளியே அனுப்புவதில், அதற்குக் காசு இல்லை. அப்புறம் ஹூக்கும் ரேக்கும், அப்புறம் விளக்கு, கடைசியில் ஹாலுக்கு மட்டும் பெயின்ட். பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 140 சதுர அடி வரும். சுவரை நீங்களே அளந்து கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். மீந்த பெயின்டைக் கொட்டாமல் மூடி இறுக்கி, டப்பா மேல் ஷேடு எண்ணும் தேதியும் எந்த அறை என்பதும் எழுதி வையுங்கள். பிள்ளை கிறுக்கிய இடத்துக்கு அதே நிறம் வேண்டியிருக்கும்.