சிறைக் கட்டடத்துக்கும் பொறுப்பு உண்டா?

கேள்வி: கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்துவது காவலர்களின் குணத்தைப் பொறுத்தது அல்லவா? கட்டடத்துக்கு அதில் என்ன பங்கு?

பதில்: பெரும்பங்கு உண்டு. கம்பிக்கதவு வழியாக மட்டுமே கைதியைக் காணும்படி அமைந்த இடத்தில், நல்ல மனம் படைத்த காவலருக்கும் அவரோடு இயல்பாகப் பேச வாய்ப்புக் கிடைப்பதில்லை. 1829இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை, தனிமை மனிதரைத் திருத்தும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. ஆளுக்கோர் அறை, அதையொட்டிச் சுவர் சூழ்ந்த சிறு முற்றம் என்று வகுத்து, கைதிகள் ஒருவரையொருவர் காணவே முடியாதபடி செய்தார்கள். 1842இல் அதைப் பார்வையிட்ட ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடல் வதையைவிட அந்தத் தனிமை கொடியது என்று எழுதினார். நல்லெண்ணத்தோடு வரைந்த திட்டமே வதையானது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

நார்வேயில் 2010இல் திறக்கப்பட்ட ஹால்டன் சிறை உயர்பாதுகாப்புச் சிறைதான், சுற்றுச்சுவரும் உயரமானது. ஆயினும் உள்ளே கம்பியில்லாத சன்னல்களும், மரங்களும், கைதிகள் சேர்ந்து சமைக்கும் இடமும் உண்டு.

எல்லா நாடுகளாலும் அவ்வாறு கட்ட இயலாமல் போகலாம். ஆனால் 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளான நெல்சன் மண்டேலா விதிகள் கேட்பது, இயற்கை வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ போதுமான, காற்று நுழையும் சன்னலைத்தான். அளவுக்கு மீறி ஆட்களை அடைத்தால் அந்தச் சன்னலும் பயன்படாது.